ஜாவா நிரல் எழுதப் பழகுவோம்: எக்லிப்ஸ் என்னும் கணிப்பொறிப் பட்டறை

உழுவதற்கு ஏரும், அறுப்பதற்கு அரிவாளும், அளப்பதற்குப் படியும் வேண்டும் என்பதை நாம் அறிவோம். அவற்றைச் செய்து தரும் தச்சருக்கும் கொல்லருக்கும் பட்டறை வேண்டும். உளி ஓரிடத்திலும், இழைப்புளி மற்றோரிடத்திலும், அளவுகோல் வேறோரிடத்திலும் கிடந்தால் வேலை ஓடாது. எல்லாக் கருவிகளும் கைக்கெட்டும் தொலைவில் ஒழுங்காக வைக்கப்பெற்றுள்ள இடமே பட்டறை எனப்படும். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோருக்கும் இத்தகைய பட்டறை ஒன்று உண்டு. அதனை ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல் என்று கூறுவர். சுருக்கமாக ஐ.டி.இ. என்றும் வழங்குவர்.

பஞ்சாயத்து உறுப்பினருக்கும் உழவருக்கும் இதனால் ஆவது என்ன என்று சிலர் வினவலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, பாசன சங்கத்தின் சந்தா, கூட்டுறவுக் கடனுக்குரிய வட்டி ஆகியவற்றை இன்று கணிப்பொறியே கூட்டிக் கழித்துத் தருகின்றது. பஞ்சாயத்துகளின் திட்டமும் வரவு செலவும் 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் வலைத்தளத்தில் ஏற்றப்படுகின்றன. கணிப்பொறி தானாக எதையும் அறியாது. யாரோ ஒருவர் எழுதி வைத்த கட்டளைப்படியே அது கணக்கிடுகின்றது. அக்கட்டளையில் பிழையிருப்பின் ஊராரின் பணம் குறையும்; எவரும் அதனை அறியவும் மாட்டார். ஆதலின், நிரல் என்பது எவ்வாறு எழுதப்படுகின்றது, அதிலுள்ள பிழை எவ்வாறு கண்டுபிடிக்கப்படுகின்றது என்பதைக் கிராமத்து இளைஞர்கள் கற்றுக்கொள்வதும், பெரியவர்கள் ஓரளவு தெரிந்துகொள்வதும் நலம் பயக்கும்.

ஜாவா என்பது யாது?

கணிப்பொறிக்குக் கட்டளையிட உதவும் மொழிகளுள் ஜாவாவும் ஒன்று. அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பாரும் அவருடைய தோழர்களும் 1991-இல் இதனை உருவாக்கத் தொடங்கினர். 1995-இல் இது உலகிற்கு அறிமுகம் செய்யப்பெற்றது. 2010-இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது.

இம்மொழியின் சிறப்பு யாதெனில், ஒருமுறை எழுதிய நிரலைப் பலவகைக் கணிப்பொறிகளிலும் ஓட்ட இயலும் என்பதாகும். நாம் எழுதுவதை மூல நிரல் என்கிறோம். அதனைக் கம்பைலர் என்னும் கருவி பைட்கோடு என்னும் இடைநிலை வடிவமாக மாற்றுகின்றது. அந்த இடைநிலை வடிவத்தை ஒவ்வொரு கணிப்பொறியிலும் உள்ள ஜாவா இயக்கி படித்துச் செயலாற்றுகின்றது. நெல்லை ஓரிடத்தில் அவித்துக் குத்தி அரிசியாக்கி அனுப்பிவிட்டால், எந்த ஊர் அடுப்பிலும் அதனைச் சோறாக்கலாம் அல்லவா? அது போன்றதே இது.

தமிழ் மக்களுக்கு மற்றொரு வசதியும் இதில் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு என்னும் முறையை ஜாவா தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. தமிழ் எழுத்துகள் 1991-இல் வெளிவந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தன. எனவே, ஜாவாவின் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டுமாயினும், நாம் சூட்டும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். பால் அளவுக்கு 'பால்' என்றும், உபரித் தொகைக்கு 'உபரி' என்றும் பெயரிட்டால் கணிப்பொறி மறுக்காது. பெயரின் நடுவில் இடைவெளி மட்டும் விடலாகாது.

பட்டறையை நிறுவுதல்

ஜாவாவுக்கென அமைந்த பட்டறைகள் பல உள. செக் நாட்டுப் பிராக் நகரில் 1996-இல் மாணவர் முயற்சியாகத் தோன்றிய நெட்பீன்ஸ், ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட இண்டெலிஜே ஐடியா, முதன்முதலாகக் கற்போருக்கென்றே அமைக்கப்பெற்ற புளூஜே ஆகியவை அவற்றுட் சில. இக்கட்டுரையில் எக்லிப்ஸ் என்பதனை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எம். நிறுவனம் 2001 நவம்பரில் இதனை யாவர்க்கும் பொதுவாக்கிற்று. 2004 முதல் எக்லிப்ஸ் அறக்கட்டளை இதனைப் பேணி வருகின்றது. இதற்கு விலை கிடையாது. பொதுவுரிமம் உடையதாதலால் ஓர் ஊரில் எத்தனைக் கணிப்பொறிகளில் வேண்டுமாயினும் தயக்கமின்றி நிறுவிக்கொள்ளலாம்.

எக்லிப்ஸ் அறக்கட்டளையின் வலைத்தளத்திலிருந்து ஜாவா நிரலாளருக்குரிய தொகுப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். 2020 செப்டம்பர் வெளியீடு முதல் ஜாவா இயக்கியும் அத்தொகுப்பிலேயே அடங்கியுள்ளது. அதன்பின் இணைய இணைப்பு இல்லாதபோதும் பயிற்சி செய்யலாம்.

எக்லிப்ஸைத் திறந்தவுடன், நம் வேலைகளை எந்த இடத்தில் வைப்பது என்று அது கேட்கும். இதற்கு வொர்க்ஸ்பேஸ் என்று பெயர். பட்டறைக்குரிய நிலத்தைக் காட்டுவது போன்றதே இது. எளிதில் நினைவிருக்கும் ஒரு கோப்புறையைக் குறித்துவிடுதல் நன்று.

முதற் பயிற்சி

இனி, ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பால் சங்கத்தில் ஆண்டு இறுதியில் ரூ. 18,000 உபரியாக நின்றது எனக் கொள்வோம். உறுப்பினர்கள் ஊற்றிய மொத்தப் பால் 9,000 லிட்டர். ஒருவர் ஊற்றியது 450 லிட்டர். உபரியை அவரவர் ஊற்றிய பாலுக்கு ஏற்பப் பிரித்தால் இவருக்கு எவ்வளவு கிடைக்கும்? மொத்தத்தில் இவர் பங்கு இருபதில் ஒன்று. ஆகவே ரூ. 900 கிடைக்க வேண்டும். இதனைக் கணிப்பொறியைக் கொண்டு செய்விப்போம்.

1. 'ஃபைல்' என்னும் பட்டியலில் 'நியூ' என்பதையும், அதனுள் 'ஜாவா புராஜெக்ட்' என்பதையும் தேர்க. 'பால்சங்கம்' என்று பெயரிடுக. மாட்யூல்-இன்ஃபோ என்னும் கோப்பு வேண்டுமா எனக் கேட்குமிடத்தில் குறியை நீக்கிவிட்டு 'ஃபினிஷ்' என்பதை அழுத்துக. 

2. இடப்புறத்தில் தோன்றும் பெயர்ப்பட்டியலில் 'எஸ்.ஆர்.சி.' என்னும் கோப்புறை காணப்படும். மூல நிரல்கள் அதனுள்ளேயே இருத்தல் வேண்டும். அதன்மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, 'நியூ', 'கிளாஸ்' எனத் தேர்க.

3. கிளாஸுக்குப் 'பங்கீடு' எனப் பெயரிடுக. 'மெயின்' என்னும் பகுதியை உண்டாக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறியிடுக. நிரல் எந்த இடத்திலிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்பதைக் காட்டும் தலைவாயிலே 'மெயின்' ஆகும்.

4. 'மெயின்' பகுதியின் இரு வளைவுக் குறிகளுக்கிடையே நம் கட்டளைகளை எழுதுக. 'இண்ட்' என்னும் சொல் முழு எண்ணைக் குறிக்கும். என்பால் 450, மொத்தப்பால் 9000, உபரி 18000 என மூன்று வரிகள் எழுதுக. நான்காம் வரியில், என்பால் என்பதை மொத்தப்பாலால் வகுத்து வருவதைப் 'பகுதி' எனக் குறிக்க. ஐந்தாம் வரியில், பகுதியை உபரியால் பெருக்கி வருவதைப் 'பங்கு' எனக் குறிக்க. வகுத்தலுக்குச் சாய்கோடும், பெருக்கலுக்கு நட்சத்திரக் குறியும் இடுதல் வேண்டும். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் அரைப்புள்ளி தேவை.

5. விடையைத் திரையில் காட்ட ஒரு நீண்ட கட்டளை வேண்டும். அதனை முழுமையாக மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. 'சிஸ்அவுட்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி அடித்து, கண்ட்ரோல் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால், பட்டறையே அக்கட்டளையை எழுதித் தரும். அதன் அடைப்புக்குறிக்குள் 'பங்கு' என எழுதுக.

6. கண்ட்ரோல் விசையுடன் எஸ் என்னும் எழுத்தை அழுத்திச் சேமித்திடுக. பின்னர் மேற்பகுதியில் காணும் பச்சை வட்டத்தை அழுத்துக. கீழே 'கன்சோல்' என்னும் கட்டத்தில் விடை தோன்றும்.

பட்டறை காட்டும் பிழைகள்

தட்டச்சில் தவறு நேர்வது இயல்பே. அரைப்புள்ளி விடுபட்டாலும், ஒரு பெயரை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதினாலும், எக்லிப்ஸ் அவ்விடத்திலேயே சிவப்புக் கோடிட்டுக் காட்டும். சில இடங்களில் வரியின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கின் உருவம் தோன்றும். அதனை அழுத்தினால் திருத்தும் வழிகளையும் எடுத்துக் கூறும். மேலும், நாம் சேமிக்குந்தோறும் கம்பைலர் தானாக வேலை செய்கின்றது. பிழைகளனைத்தும் 'பிராப்ளம்ஸ்' என்னும் கட்டத்தில் வரிசையாகப் பட்டியலிடப்படும்.

பழைய முறையில், எழுதுவதற்கு ஒரு கருவி, மாற்றுவதற்கு ஒரு கருவி, ஓட்டுவதற்கு ஒரு கருவி எனத் தனித்தனியே இருந்தன. பிழை எந்த வரியில் என்பதை எண்ணித் தேட வேண்டியிருந்தது. இப்போது அந்த உழைப்பு மிச்சமாகின்றது. கற்கத் தொடங்குவோருக்கு இதனால் சோர்வு ஏற்படுவதில்லை.

பட்டறை காட்டாத பிழை

மேற்கூறிய நிரலில் சிவப்புக் கோடு ஒன்றேனும் இல்லை. பிழைப்பட்டியலும் காலியாக உள்ளது. நிரல் தடையின்றி ஓடுகின்றது. ஆனால், விடை யாது? 900 அன்று, சுழியம்! 450 லிட்டர் பால் ஊற்றியவருக்கு ஒரு காசும் இல்லை என்கிறது கணிப்பொறி.

இதுவே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். எழுத்துப் பிழையைப் பட்டறை கண்டுபிடிக்கும். எண்ணப் பிழையை அது அறியாது. ஏர் செம்மையாக இருந்தாலும் பிறன் வயலில் ஓட்டினால் ஏர் தடுக்குமோ? தடுக்காது. எனவே, விடையைக் கையால் கணக்கிட்டு வைத்துக்கொள்ளாமல் எந்த நிரலையும் நம்புதல் கூடாது.

ஓரடி ஓரடியாக நடத்திப் பார்த்தல்

எண்ணப் பிழையைக் காணவும் பட்டறையில் ஒரு கருவி உண்டு. அதற்கு டீபக்கர் என்று பெயர். ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு பெயருக்கும் அந்நேரத்தில் என்ன மதிப்பு உள்ளது என்பதை இது காட்டும்.

நான்காம் வரியின் இடப்புற ஓரத்தில் மவுஸை இருமுறை அழுத்தினால் ஒரு நீலப்புள்ளி தோன்றும். அது நிறுத்தப் புள்ளி. பின்னர் எஃப்-11 விசையை அழுத்துக. டீபக் காட்சிக்கு மாறவா என்று கேட்டால் சம்மதம் தருக. நிரல் நான்காம் வரியில் வந்து நிற்கும். அவ்வரி இன்னும் செயற்படவில்லை என்பதை நினைவிற் கொள்க. இப்போது எஃப்-6 விசையை ஒருமுறை அழுத்தினால் அவ்வொரு வரி மட்டும் நடைபெறும். 'வேரியபிள்ஸ்' என்னும் கட்டத்தைப் பாருங்கள். 'பகுதி' என்பதன் மதிப்பு 0 என்றிருக்கும். பிழை இங்கேதான் பிறந்தது.

காரணம் யாது? முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால், ஜாவா முழு எண்ணையே விடையாகத் தரும். பின்னப் பகுதியை விட்டுவிடும். 450-ஐ 9000-ஆல் வகுத்தால் இருபதில் ஒரு பாகம். அதில் முழு எண் ஏதுமில்லை, எனவே சுழியம். சுழியத்தை உபரியால் பெருக்கினாலும் சுழியமே. முதல் கோணல் முற்றும் கோணல் ஆயிற்று. ஊரின் பால் முழுவதையும் ஒருவரே ஊற்றியிருந்தாலொழிய எவருக்கும் பங்கு வராது.

திருத்தம் எளிது. முதலில் பெருக்கி, பின்னர் வகுத்தல் வேண்டும். 450-ஐ 18000-ஆல் பெருக்க 81,00,000. அதனை 9000-ஆல் வகுக்க 900. இப்போது விடை சரி.

பைசாக் கணக்கும் பெரிய எண்ணும்

இன்னும் ஒரு குறை எஞ்சியுள்ளது. ரூபாயில் கணக்கிட்டால் பைசாக்கள் உதிர்ந்து போகும். 451 லிட்டர் ஊற்றிய ஒருவருக்கு வரும் பங்கு ரூ. 902. ஆனால் உபரி ரூ. 18,500 ஆயின், அவருக்கு வர வேண்டியது ரூ. 927.05. கணிப்பொறி 927 என்று மட்டுமே கூறும். தசம எண்ணுக்குரிய 'டபிள்' என்னும் வகையைப் பயன்படுத்தினால் போதாதோ என்று கேட்கலாம். அவ்வகை எண்களைக் கணிப்பொறி இரும முறையில் வைத்திருப்பதால் பத்தில் ஒன்று போன்ற சிறு பின்னத்தையும் துல்லியமாகக் கொள்ள அதனால் இயலாது. நீளம் அளக்க அது பொருந்தும். பணக் கணக்குக்குப் பொருந்தாது. எனவே தொகை முழுவதையும் பைசாவாக மாற்றிக் கணக்கிடுதல் நல்வழி.

ரூ. 18,000 என்பது 18,00,000 பைசா. இதனை உபரியாக வைத்து மீண்டும் ஓட்டுவோம். 450 லிட்டருக்கு 90,000 பைசா, அதாவது ரூ. 900 வரும். 1,000 லிட்டர் ஊற்றியவருக்கு ரூ. 2,000 வரும். சரிதான். அச்சங்கத்தில் மிகுதியாகப் பால் ஊற்றியவர் 1,200 லிட்டர்க்காரர் எனக் கொள்வோம். அவருக்கு ரூ. 2,400 வர வேண்டும். ஆனால் திரையில் தோன்றுவது −2,37,218 பைசா! ஊரிலேயே மிகுதியாக உழைத்தவர் சங்கத்திற்கு ரூ. 2,372.18 கடன்பட்டவர் போலக் காட்டப்படுகின்றார்.

இதற்கும் காரணம் உண்டு. 'இண்ட்' வகை எண் 214,74,83,647 வரையே கொள்ளும். மரக்காலில் கொள்ளும் அளவுக்கு மேல் நெல் கொட்டினால் வழிந்தோடும். இங்கோ, வழிந்தோடுவதோடு நில்லாமல் எதிர்மறை எண்ணாக மாறிவிடுகின்றது. 1,200-ஐ 18,00,000-ஆல் பெருக்கினால் 216,00,00,000. எல்லையைத் தாண்டிவிட்டது. 1,193 லிட்டர் வரை சரியாகக் கூறும் நிரல், 1,194 லிட்டரில் தவறிவிடும். கணிப்பொறி எச்சரிக்கை ஏதும் தருவதில்லை.

இத்தகைய தவறு பெரிய நிரலாளருக்கும் நேர்ந்ததுண்டு. வரிசையிட்ட பட்டியலில் ஒன்றைத் தேடித் தருவதற்கு ஜாவாவின் சொந்த நூலகத்தில் அமைந்த பகுதியிலேயே இதே வகைப் பிழை ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஒளிந்திருந்தது. அதனை எழுதிய ஜோஷுவா பிளாக் என்னும் அறிஞரே 2006-இல் அதனை வெளிப்படையாக எடுத்துரைத்தார். இரு பெரிய எண்களைக் கூட்டும்போது எல்லை தாண்டியதே அங்கும் காரணம்.

திருத்தம் யாதெனில், 'இண்ட்' என்பதற்கு மாற்றாக 'லாங்' என்னும் பெரிய வகையைப் பயன்படுத்துவதாகும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. விடையை மட்டும் 'லாங்' எனக் குறித்தால் பயனில்லை. பெருக்கப்படும் எண்கள் 'இண்ட்' ஆகவே இருப்பின், பெருக்கும்போதே வழிந்துவிடும். வழிந்த பின் பெரிய கலத்தில் ஊற்றி என்ன பயன்? ஆகையால் பால், உபரி ஆகியவற்றையும் 'லாங்' எனவே குறித்தல் வேண்டும். எல்லை தாண்டினால் நிரல் உடனே நின்றுவிட வேண்டும் என விரும்புவோர், 2014-இல் வெளிவந்த ஜாவா 8 முதல் கிடைக்கும் 'மல்ட்டிப்ளைஎக்ஸாக்ட்' என்னும் பெருக்கற் கட்டளையைப் பயன்படுத்தலாம். தவறான விடை தருவதினும் நின்றுவிடுவதே மேல்.

சோதித்துப் பார்க்கும் முறை

நிரல் ஒன்றை ஊர்க் கணக்கிற்கு ஏற்குமுன் கீழ்க்கண்டவற்றைச் சோதித்தல் அவசியம்.

அ. மிகக் குறைவாகப் பால் ஊற்றியவர், மிக அதிகமாக ஊற்றியவர், ஒரு லிட்டரும் ஊற்றாதவர் ஆகிய மூவரின் கணக்கையும் கையாற் செய்து ஒப்பிடுக. நடுத்தரமான ஒருவரின் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யற்க.

ஆ. மொத்தப் பால் சுழியம் என்று கொடுத்துப் பார்க்க. சுழியத்தால் வகுக்க இயலாது என்று சிவப்பெழுத்தில் செய்தி தோன்றி நிரல் நிற்கும். எந்த வரியில் நின்றது என்னும் எண்ணும் அதில் இருக்கும். அதனை அழுத்தினால் அவ்வரிக்கே செல்லலாம்.

இ. எல்லோருடைய பங்கையும் கூட்டி உபரியோடு ஒப்பிடுக. பின்னப் பைசாக்கள் விடப்படுவதால் சிறு மீதம் நிற்கும். 60 உறுப்பினர் இருப்பின் அந்த மீதம் 59 பைசாவுக்கு மேற்படாது. அதற்கு மேல் வேறுபாடு காணின், எங்கோ பிழையுள்ளது என்பது உறுதி.

ஈ. மீதப் பைசா எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதைக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதி வைக்க. இதனைக் கணிப்பொறி தீர்மானிக்க இயலாது. உறுப்பினர்களே தீர்மானிக்க வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கப்பெற்ற மடிக்கணினித் திட்டத்தின் பயனாகப் பல கிராமத்து வீடுகளில் கணிப்பொறி புகுந்தது. அவற்றுள் நல்ல நிலையில் உள்ளவற்றை ஒன்றுசேர்த்து, நூலகத்திலோ பள்ளியிலோ மாலை வேளையில் பயிற்சி வகுப்பு நடத்தலாம். எக்லிப்ஸ் தொகுப்பை ஒருமுறை இறக்கி, பென் டிரைவ் மூலம் மற்றவற்றில் ஏற்றிவிடலாம். வாரத்திற்கு இரு நாள் பழகினாலும் சில மாதங்களில் சிறு நிரல்களை எழுத இளைஞர்களால் முடியும். பெண்களுக்கும் இதில் சம வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் சேமிப்பு, வட்டிக் கணக்குகளே பயிற்சிக்கு ஏற்ற பாடங்களாகும்.

நிரல் எழுதப் பழகாதவர்களும் ஒன்று செய்யலாம். சங்கத்திற்கோ ஊருக்கோ எவரேனும் கணக்கு நிரல் அமைத்துத் தரும்போது, 'பைசா எவ்வாறு கணக்கிடப்படுகின்றது? மிகப் பெரிய தொகைக்கும் இது சரியாக ஓடுமா? மீதம் எங்கே செல்கின்றது?' என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவற்றுக்கு விடை கூறவும், விடையைத் திரையில் நடத்திக் காட்டவும் நிரலாளர் கடமைப்பட்டவர்.

படியும் மரக்காலும் முத்திரையிடப்பட்டுள்ளனவா என்று பார்த்தே தானியம் வாங்கிப் பழகியவர்கள் நாம். கணிப்பொறிக்கு அத்தகைய முத்திரை இல்லை. அதன் அளவைச் சரிபார்க்கும் கண்ணும் கருத்தும் ஊராரிடமே இருத்தல் வேண்டும். அக்கண்ணைத் திறந்துவிட உதவும் பட்டறை, விலையின்றிக் கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்திக்கொள்ளக் கிராமத்து இளைஞர்கள் முன்வருவார்களாக. பஞ்சாயத்து உறுப்பினர்கள் அவர்களுக்கு இடமும் ஊக்கமும் அளிப்பார்களாக.